பழைய வண்ண அச்சு இயந்திரம் ஒன்றை மலையகக் குளிரில் மீண்டும் ஓடவைப்பது

வண்ணப் புகைப்படத் தாளைக் கரைசல்களில் கழுவி எடுக்கும் பழைய இயந்திரத்தை விற்பவர் முதலில் செய்வது, சுவிட்சைப் போட்டு முன்பக்கத்துச் சிவப்பு விளக்கை எரியவிடுவதுதான். "பார்த்தீர்களா, வேலை செய்கிறது" என்பார். அந்த விளக்கை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அணைக்கச் சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பர் உருளைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் ஒட்டினால் ரப்பர் இளகிவிட்டது. கல்லைப் போல இருந்து நகம் பட்ட இடத்தில் வெடித்தால் இறுகிவிட்டது. இரண்டும் இல்லாமல் சற்றே அமுங்கி மீண்டால், விளக்கு எரியாவிட்டாலும் அந்த இயந்திரத்தை வாங்கலாம். மின்சாரப் பகுதி முழுவதும் செத்துப்போயிருந்தால் இன்னும் நல்லது. விலையைக் குறைத்துப் பேசலாம், எப்படியும் அதை மாற்றத்தான் போகிறோம்.

இருட்டறையில் நெகட்டிவ்விலிருந்து வண்ணப் படம் எடுப்பவருக்கு இந்த இயந்திரம் செய்து தருவது மூன்று வேலைகள். கரைசலை 35 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கும். தாளை ஒரே வேகத்தில் அதற்குள் இழுத்துச் செல்லும். ஒரு தொட்டியின் கரைசல் அடுத்ததோடு கலக்காமல் பிழிந்து அனுப்பும். இவற்றைச் செய்யும் உடல், அதாவது தொட்டி, உருளை, பற்சக்கரம் ஆகியவை நன்றாக இருந்தால் போதும். மூளையை, அதாவது மின்னணுப் பாகங்களை, கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய சந்தையில் கிடைப்பவை பல வகை. ஜோபோ போன்றவற்றில் தாளை ஓர் உருளைக் கலத்துக்குள் சுருட்டி வைத்து வெந்நீர்த் தொட்டியில் உருட்டுவார்கள். நோவா வகையில் தாள் செங்குத்தான ஒடுங்கிய தொட்டிகளில் தொங்கும். டர்ஸ்ட், ஃபூஜிமோட்டோ போன்றவை செய்த மேசை இயந்திரங்கள் தாளை உருளைகளால் ஒரு முனையில் வாங்கி மறுமுனையில் தள்ளும். இந்தக் கட்டுரை மூன்றாவது வகையைப் பற்றியது. பழுதாகும் பாகங்கள் இதில்தான் அதிகம், சரிசெய்த பின் சுகமும் இதில்தான் அதிகம்.

உருளைகளுக்கு அடுத்து பற்சக்கரங்களைப் பாருங்கள். இவை நைலோன். ஒரு பல் உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பற்களை எண்ணுங்கள், வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை 'பற்களின் எண்ணிக்கையோடு இரண்டு' என்ற எண்ணால் வகுத்தால் அந்தச் சக்கரத்தின் மொடியூல், அதாவது பல்லின் பருமனைச் சொல்லும் எண், கிடைக்கும். 24 பற்கள், 26 மில்லிமீட்டர் விட்டம் என்றால் மொடியூல் 1. இந்த இரண்டு எண்களும் தடிப்பும் அச்சுத்துளையின் அளவும் இருந்தால் முப்பரிமாண அச்சு எடுப்பவர் புதிய சக்கரம் செய்து தருவார். தொட்டிகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று கைப்பேசி விளக்கை வெளியே பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள்.

பின்பக்கத் தகட்டை வாசிக்க மறக்க வேண்டாம். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட் என்று இருக்கலாம். நமது சுவர் தருவது 230 வோல்ட். 100 வோல்ட் ஹீட்டரை அதில் நேரடியாகக் கொடுத்தால் ஐந்து மடங்குக்கு மேல் வலு இழுத்து அந்த நிமிடமே எரிந்துவிடும். 600 வாட் இயந்திரத்துக்கு 1,000 விஏ அளவுள்ள, செப்புச் சுருள் கொண்ட இறக்கு மின்மாற்றி வேண்டும். பயணிகள் கொண்டுபோகும் கையடக்க மாற்றிகள் இந்த வேலைக்கு ஆகாது.

என்னுடையதை நான் பொகவந்தலாவையில் வாங்கினேன். மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில், உரச்சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காலமாகி, அடக்கம் செய்யப்பட்டது பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில்தான். உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர் ஒருவர் உறங்கும் ஊரிலிருந்து பஸ்ஸின் பின் ஆசனத்தில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு உள்ளே ஏதோ உருண்டது. வீட்டுக்கு வந்து திறந்தபோது அது ஒரு காய்ந்த கரப்பான் என்று தெரிந்தது.

செருகியைச் சொருகும் முன்

தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. லயத்து வீடுகளிலும் பழைய குவாட்டர்ஸ்களிலும் புவி இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும், சில வீடுகளில் பெயருக்கும் இராது. முதலில் மின்னியலாளர் ஒருவரை அழைத்துப் புவிக்கம்பியைச் சோதியுங்கள். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத சுற்றில் இந்த இயந்திரத்தை இணைக்க வேண்டாம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அடுத்து ஹீட்டர். செருகி வெளியே இருக்கும்போதே மல்டிமீட்டரால் ஹீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால் சில பத்து முதல் சில நூறு ஓம் வரை வரும். 230 வோல்ட்டில் 250 வாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 210 ஓம். பிறகு ஒரு முனைக்கும் உலோக உறைக்கும் இடையே அளவுங்கள். அங்கே ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். உறைக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் மக்னீசியம் ஒக்சைட்டு, அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். வருடத்தில் பாதி மாதம் மூடுபனி வீட்டுக்குள் வந்து போகும் நம் ஊரில் பல வருடம் கிடந்த ஹீட்டர் இப்படி இருப்பது சாதாரணம். கழற்றி எடுத்து, அடுப்புக்கு மேலே சூடான இடத்தில் இரண்டு, மூன்று நாள் காயவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். ஏறாவிட்டால் எறியுங்கள். மல்டிமீட்டர் சிறிய மின்னழுத்தத்தில்தான் அளக்கிறது என்பதால், முடிந்தால் 500 வோல்ட் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரிடமும் காட்டுங்கள். தேயிலை ஸ்டோர்களில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைகளில், அந்தக் கருவி இருக்கும்.

கழற்றுதல்

தரையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். அச்சுகளைப் பிடித்திருக்கும் சிறிய கவ்வு வளையங்கள் குறட்டின் நுனியிலிருந்து தெறித்துப் பறக்கும். இஸ்தோப்பில் உட்கார்ந்து கழற்றிய என் இரண்டு வளையங்கள் இன்றும் எங்கள் வீட்டு வடிகானில் எங்கோ இருக்கின்றன. ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுங்கள். உருளைச் சட்டகங்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தொட்டிக்குத் தொட்டி பற்சக்கர அமைப்பு மாறும். ஒவ்வொன்றிலும் வேறு நிற நூல் கட்டிவையுங்கள்.

உள்ளே மூன்று வித அழுக்கு இருக்கும். தாளில் படத்தை வரவைக்கும் டெவலப்பரின் தொட்டியில் கறுப்பும் பழுப்புமாகத் தார் போன்ற படிவு. அடுத்து வெள்ளியை நீக்கிப் படத்தை நிலைக்கவைக்கும் பிளீச்-பிக்ஸின் தொட்டியில் உப்புப் படிகங்களும் கறுத்த வெள்ளிச் சல்பைட்டுப் படலமும். கழுவும் தொட்டியில் பாசிச் சளி. முதலில் எல்லாவற்றையும் இளஞ்சூட்டு நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள், பாதி அழுக்கு தானாகக் கழன்றுவிடும். மிச்சத்துக்கு ஒரு லீட்டர் நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், பழைய டூத்பிரஷ், பொறுமை. உருளைகளில் இரும்புக் கம்பளி போடாதீர்கள். அது விடும் கீறல் ஒவ்வொரு படத்திலும் கோடாக விழும். சலவை வெளுப்பானை இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவர வேண்டாம். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்-பிக்ஸில் இருக்கும் அமோனியத்தோடு சேர்ந்தால் அதுவும் நச்சு வாயுதான். சன்னல் மூடிய சின்ன அறையில் இது உயிர்போகும் விஷயம்.

தேய்ந்த உருளைகளுக்கு இரண்டு வழி உண்டு. அச்சுக்கூட உருளைகளுக்கு ரப்பர் ஏற்றும் பட்டறையில் ஈபிடிஎம் ரப்பர் கேட்டுப் போட்டுக்கொள்வது ஒன்று. பழைய ரப்பரை உரித்துவிட்டு அதே வெளி விட்டம் வரும்படி சிலிக்கோன் குழாயை அச்சின் மேல் இழுத்து மாட்டுவது இன்னொன்று. இரண்டாவதுதான் மலிவு. சவர்க்கார நீரில் நனைத்தால் குழாய் எளிதாக ஏறும். அச்சு வளைந்திருந்தால் எங்கள் பக்கத்தில் கேட்க வேண்டிய ஆள் தேயிலை ஸ்டோரின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்தான். நான் கொண்டுபோன அச்சைக் கையில் உருட்டிப் பார்த்தவர், "தம்பி, இதை யார் கதவு இடுக்கில் வைத்தது?" என்று கேட்டார். கடைசல் இயந்திரத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஓட்டம்: பழைய மோட்டரை வைத்திருப்பதா?

பெரும்பாலான பழைய இயந்திரங்களில் இருப்பது மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பிடித்து ஓடும் ஒத்தியங்கு மோட்டர். 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்தது நமது 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 45 விநாடியில் வெளியே வர வேண்டிய தாள் 54 விநாடி உள்ளே கிடக்கும். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே ஒழிய அதிர்வெண்ணை மாற்றாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இன்னொரு சிக்கல் இயந்திரத்தின் வயது. இன்று கிடைக்கும் வண்ணத் தாள்கள் எல்லாம் ஆர்ஏ-4 முறைக்கானவை. டெவலப்பரில் 35 பாகையில் 45 விநாடி, பிளீச்-பிக்ஸில் 45 விநாடி. இந்த முறை 1980களின் பிற்பாதியில் பரவுவதற்கு முன் இருந்தது ஈபி-2. அதில் டெவலப்பருக்கு மட்டும் 33 பாகையில் மூன்றரை நிமிடம். அந்தக் கால இயந்திரம் உங்களிடம் வந்திருந்தால் அதன் ஓட்டத்தை நான்கரை மடங்குக்கு மேல் விரைவாக்க வேண்டும். அதற்குப் பற்சக்கரங்கள் ஒத்துழைக்கவில்லை என்றால் மறுபக்கமாகப் போகலாம். ஆர்ஏ-4 டெவலப்பர் 25 பாகையை ஒட்டிய சூட்டில் இரண்டு நிமிடத்தில் நன்றாகவே வேலை செய்யும். சூட்டைக் குறைத்து, ஓட்டத்தை அதற்கு ஏற்ப ஓரளவு மட்டும் கூட்டி, சோதனைத் துண்டுகளால் நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு: பழைய மோட்டரைக் கழற்றிப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள், அதன் இடத்தில் சிறு சிறு படிகளாகச் சுழலும் 12 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். சாதாரண டிசி மோட்டரும் ஓடும். ஆனால் தாள் உள்ளே போய்ச் சுமை கூடும்போது அதன் வேகம் சற்றுக் குறையும், ஸ்டெப்பர் அப்படிச் செய்யாது. ஓட்டுவதற்கு ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையும் மோட்டருக்கு மின்சாரம் தரும் டிரைவர் பலகை ஒன்றும் போதும்.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. டெவலப்பருக்குள் தாள் நுழையும் புள்ளியிலிருந்து பிளீச்-பிக்ஸைத் தொடும் புள்ளி வரை ஒரு நூலைப் பாதை வழியே ஓட்டி அளவுங்கள். இடையில் பிழியும் உருளைகளைக் கடக்கும் தூரமும் கணக்கில் வரும், ஏனென்றால் தாளில் ஒட்டியிருக்கும் டெவலப்பர் அப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். என் இயந்திரத்தில் அது 40 சென்ரிமீட்டர். 45 விநாடியில் கடக்க நிமிடத்துக்கு 53 சென்ரிமீட்டர் வேண்டும். 25 மில்லிமீட்டர் உருளையின் சுற்றளவு 7.85 சென்ரிமீட்டர். ஆகவே நிமிடத்துக்கு 6.8 சுற்று. கணக்கு சரியா என்று பார்க்கத் தாளில் இரண்டு பேனாக் கோடு போட்டு நிறுத்துகடிகாரத்தோடு நில்லுங்கள்.

12 வோல்ட்டுக்கு மாறுவதில் இன்னொரு வசதி இருக்கிறது. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதும் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் எங்கள் பக்கம் இருளும். பாதிப் படம் உள்ளே இருக்கும்போது அப்படி நடந்தால், ஒரு பற்றரி மோட்டரைத் தொடர்ந்து ஓட்டும். ஹீட்டர் நின்றாலும் தொட்டியின் சூடு அந்த ஒரு நிமிடத்தில் எங்கும் போய்விடாது.

சூடு

இதுதான் மலையகத்தில் உயிர்நாடி. சமவெளிக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் பார்த்து ஏமாறும் இடமும் இதுவே. மூன்று லீட்டர் டெவலப்பரை 250 வாட் ஹீட்டர் சூடாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் அறை 29 பாகை. ஆறு பாகை ஏற்றினால் போதும், ஐந்து நிமிடத்தில் முடியும். ஜனவரியில் பனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களில் என் அறை விடியலில் 14 பாகை. இருபத்தொரு பாகை ஏற்றப் பதினெட்டு நிமிடம் ஆகும், அதுவும் ஒரு துளிச் சூடும் வெளியே போகாவிட்டால். நடப்பில் அரை மணி நேரத்தைத் தாண்டும், ஒரு மூலை சூடாகவும் மறுமூலை குளிராகவும் இருக்கும்.

ஆகவே முதல் மாற்றத்துக்கு மின்னணுவியல் எதுவும் வேண்டாம், ரிஜிபோம் (பொதி செய்யும் வெள்ளை நுரைத் தகடு) போதும். தொட்டிகளின் பக்கங்களிலும் அடியிலும் 25 மில்லிமீட்டர் தகடு ஒட்டுங்கள். மோட்டரின் காற்றோட்டத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். கரைசலின் மேற்பரப்பில் உருளைச் சட்டகம் மறைக்காத இடங்களுக்கு மிதக்கும் மூடி வெட்டிப் போடுங்கள். அது சூட்டையும் காக்கும், டெவலப்பரில் காற்றுப் படாமலும் தடுக்கும்.

அதன் பிறகு கட்டுப்பாடு. பழைய தெர்மிஸ்டர் பலகையை அகற்றிவிட்டு, சூட்டுக்கு ஏற்ப ஹீட்டரின் வலுவைத் தானே கூட்டிக் குறைக்கும் பிஐடி கட்டுப்படுத்தி ஒன்று, சூட்டை அளக்கும் மூன்று கம்பி பிடி100 உணரி, ஹீட்டரைப் போட்டு அணைக்கும் மின்னணுச் சுவிட்சான சொலிட் ஸ்டேட் ரிலே ஒன்று. மலிவான கட்டுப்படுத்திகளோடு இலவசமாக வரும் கே வகை உணரியைப் போட வேண்டாம். அதன் பிழை இரண்டு பாகை வரை போகலாம், நமக்கோ டெவலப்பரில் 0.3 பாகைக்குள் நிற்க வேண்டும். உணரியை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல் தாள் போகும் பாதைக்குப் பக்கத்தில் வையுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இவை எல்லாம் கிடைக்கும். ரிலேயின் மேல் அச்சிட்ட ஆம்பியரில் பாதியைக்கூட நம்பாதீர்கள், அலுமினியத் தகட்டில் பொருத்தியே பாவியுங்கள்.

இந்த ரிலே செத்தால் பெரும்பாலும் மூடிய நிலையில் சாகும், ஹீட்டர் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் ஹீட்டரோடு தொடராக 50 பாகை அளவில் தானே துண்டிக்கும் பொத்தான் வெப்பத்துண்டிப்பி ஒன்றும், தொட்டியில் நீர் இல்லாவிட்டால் மின்சாரத்தைத் தடுக்கும் மிதவைச் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கட்டுப்படுத்தி கெட்டாலும் இவை இரண்டும் தம் வேலையைச் செய்யும்.

கட்டுப்படுத்தியின் தானியங்கி அளவீட்டைத் தொட்டி நிறைந்து, சுழற்சிப் பம்ப் ஓடி, மூடி போட்ட நிலையில்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்தும் 35ஐத் தாண்டி ஓடினால் ஹீட்டரின் உச்ச வலுவைக் கட்டுப்படுத்தியில் குறையுங்கள். ரிஜிபோம் சுற்றிய தொட்டி தாண்டிய சூட்டை மெதுவாகத்தான் விடும், இறங்கக் காத்திருப்பது எரிச்சலான வேலை.

உணரியைச் சரிபார்க்கப் பலர் சொல்லும் வழி, நொறுக்கிய பனிக்கட்டி நீரில் 0, கொதிநீரில் 100 என்பது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி இந்த மலையில் பொய்த்துவிடும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நீர் 94 பாகையை ஒட்டிக் கொதிக்கும், ஹட்டனில் 96 பாகையை ஒட்டி. அதை 100 என்று எண்ணித் திருத்தினால் 35 பாகையில் இரண்டு பாகை பிழை நீங்களே புகுத்தியதாகும். அதைவிடச் சிறந்த வழி வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 முதல் 42 பாகை வரையான எல்லைக்குள் 0.1 பாகை துல்லியம் கொண்டது. தொட்டி நீரை 37 பாகையில் நிறுத்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள்.

பம்ப் பற்றிச் சுருக்கமாக: பழையது இறுகியிருந்தால் வெந்நீரில் ஊறவைத்துச் சுழலியைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் விடும். மாற்றுவதானால் மீன் தொட்டிப் பம்ப் போதும், அதன் அச்சு பீங்கானாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் வெறும் தண்ணீர்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றால் மிகையில்லை. எல்லாம் பூட்டி முடித்த அன்றே கரைசல் ஊற்றிப் படம் எடுக்கத் தோன்றும். ஊற்றாதீர்கள். எல்லாத் தொட்டியிலும் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் ஓட்டுங்கள். முதல் நாள் அடியில் காய்ந்த கடதாசி விரித்து 24 மணித்தியாலம் கசிவு பாருங்கள். இரண்டாம் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டை எழுதுங்கள், தொட்டியின் நான்கு மூலைகளிலும். மூன்றாம் நாளிலிருந்து தாள் அனுப்புங்கள். அலுவலகத் தாளை அனுப்பினால் அது நனைந்து கூழாகி உருளைகளைச் சுற்றிக்கொள்ளும். காலாவதியான வண்ணத் தாள்தான் வேண்டும். இருபது தாள் நேராகப் போய் வர வேண்டும். இருபத்தோராவது சிக்கினால் அதுவும் ஒரு தகவல்.

என் இயந்திரம் நான்காம் நாள் தாளை விழுங்கிக்கொண்டது. இரண்டாம் சட்டகத்தின் ஒரு சக்கரத்தை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன், கடைசி உருளை எதிர்த் திசையில் சுற்றியது. உள்ளே இருந்தது தண்ணீர் என்பதால் கையை விட்டு எடுத்துவிட்டேன்.

கரைசல்

தாளும் இரசாயனமும் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நகரத்தில் இன்னும் ஓடும், கணினிப் படங்களை அச்சிட்டுத் தரும் டிஜிட்டல் மினிலேப் கடைகளும் இதே ஆர்ஏ-4 தாளைத்தான் சுருளாகப் பாவிக்கின்றன. கடைக்காரரோடு நட்பு வைத்துக்கொள்ளுங்கள். சுருளின் கடைசி மீற்றர்கள் அவருக்கு வீண், உங்களுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். லேசர் ஒளிக்காகச் செய்த தாள் என்பதால், நெகட்டிவ்வைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் பெருக்கியின் கீழ் ஒளி-நிழல் மாறுபாடு சற்றுத் தூக்கலாக வரும், அவ்வளவுதான். இருட்டில் வெட்டி, சுருளின் வளைவு நிமிர ஒரு வாரம் பாரம் ஏற்றி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தாளை இரண்டு மணி நேரம் வெளியே வைத்த பிறகே திறவுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

அறையை இருட்டாக்க எங்கள் வீட்டில் சன்னலுக்கு இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டேன். மலைமேட்டில் மழையையும் பனியையும் தடுத்த கம்பளிக்குத் தெருவிளக்கு ஒரு பொருட்டா? கதவின் அடி இடுக்குக்கு ஒரு துவாய்.

தொட்டிகளை நிரப்பும் வரிசை முக்கியம். முதலில் பிளீச்-பிக்ஸ், பிறகு கழுவும் நீர், கடைசியாக டெவலப்பர். டெவலப்பரில் சில துளி பிளீச்-பிக்ஸ் தெறித்தாலே அது கெட்டுவிடும். மறுபக்கம் தெறித்தால் பெரிய கேடில்லை. நான் இதை மாற்றிச் செய்து மூன்று லீட்டர் டெவலப்பரை முதல் நாளே இழந்தேன். தொட்டிகளுக்கு நடுவே ஒரு தடுப்புத் தகடு நிறுத்துங்கள், துடைக்கும் துணிகளை நிறம் பிரித்து வையுங்கள். டெவலப்பர் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பிளீச்-பிக்ஸின் நெடிக்கு ஒரு காற்றாடியை வெளிப்பக்கமாகத் தள்ளும்படி வையுங்கள்.

முதல் படத்துக்கு முன் இரண்டு துண்டுத் தாள்கள். ஒன்று துளி வெளிச்சமும் படாதது, மற்றது அறை விளக்கில் காட்டியது. இரண்டையும் இயந்திரத்தில் விடுங்கள். முதலாவது தூய வெள்ளையாக வர வேண்டும். மங்கிய நிறச்சாயல் இருந்தால் அறையில் ஒளி கசிகிறது அல்லது கரைசல் கலந்துவிட்டது. இரண்டாவது ஆழ்ந்த கறுப்பாக வர வேண்டும். வெளிறி வந்தால் சூடு போதவில்லை, அல்லது ஓட்டம் வேகம், அல்லது டெவலப்பர் களைத்துவிட்டது. இவை இரண்டும் சரியாகாமல் பெருக்கியின் வடிகட்டிகளைத் திருகுவதில் பயன் இல்லை. சரியான பின் மஞ்சள் 50, மஜெந்தா 50 என்று தொடங்குங்கள்.

கழுவும் நீரில் எங்களுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, கறை விடாது. ஆனால் மழைக்குப் பிறகு கலங்கி வரும், துணியில் வடிகட்டுங்கள். 35 பாகை நீரில் ஒன்றரை நிமிடம் போதும் என்றால் குளிர்நீரில் நான்கு, ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு 8க்கு 10 அங்குலப் படத்துக்கும் சுமார் 10 மில்லிலீட்டர் டெவலப்பர் நிரப்பியைச் சேர்த்தால் நிறம் நிலைத்து நிற்கும்.

கழிவும் மூடி வைப்பதும்

பாவித்த பிளீச்-பிக்ஸில் வெள்ளி கரைந்திருக்கும். வடிகானில் ஊற்ற வேண்டாம். டிக்கோயாவில் ஊற்றியது கெசெல்கமு ஓயாவுக்குப் போகும், அங்கிருந்து காசல்ரீ நீர்த்தேக்கம், பிறகு களனி கங்கை. கடைசியில் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீராக எடுக்கிறார்கள். அதற்கு முன்பே, உங்கள் லயத்துக்குக் கீழே இருக்கும் லயத்துப் பீலிக்குப் போய்விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயரும் திகதியும் எழுதி, மினிலேப் கடைக்காரர் தன் கழிவைக் கொடுக்கும் இடத்துக்கே கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்த அன்றே டெவலப்பரைக் கழுத்து வரை நிறையும் போத்தலில் திரும்ப ஊற்றி மூடுங்கள். உருளைச் சட்டகங்களைத் தூக்கி எடுத்து இளஞ்சூட்டு நீரில் அலசி, சாய்த்து வடியவிடுங்கள். பிழியும் உருளைகளின் விற்சுருள்களைத் தளர்த்திவிடுங்கள், அழுந்தியே இருந்தால் ரப்பரில் தட்டை விழும். இயந்திரத்தின் மூடியை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். இறுக மூடினால் இந்த ஊர் ஈரத்தில் மூன்றாம் நாள் உருளையில் பூஞ்சணம் பூத்திருக்கும்.